மண்சுவர்ப் பண்டகசாலையில் ஒரு வாசகர்

(ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலக விழாவில் பேச அழைத்தபோது, ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் ஒரு வாசகரைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாசகரின் பெயர் ஹிராய் தாரோ. இந்தப் பெயரைச் சொன்னால் ஜப்பானிலேயே பலருக்கு ஆளை அடையாளம் தெரியாது. எடோகாவா ராம்போ என்று சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடத் தெரியும் என்று தலையாட்டும். ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அவர் வாழ்க்கையை ஊன்றிப் படித்தால், எழுதியதைவிட வாசித்ததையே பெரிதாக மதித்த ஒரு மனிதர் தெரிகிறார். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

டோக்கியோவில் இகெபுகுரோ என்ற பகுதி. அங்கே ரிக்யோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு வீடு. வீட்டின் பின்னால் கனத்த மண்சுவர் எழுப்பி, மேலே சாந்து பூசிய இரண்டு மாடிப் பண்டகசாலை ஒன்று நிற்கிறது. 1924இல் கட்டியது. ஜப்பானில் அந்தக் காலத்து வீடுகள் மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை. ஒரு பொறி விழுந்தால் தெருவே போய்விடும். அதனால் வசதியுள்ளவர்கள் விலை மதிப்புள்ள பொருள்களை வைக்க இப்படி மண்சுவர்க் கட்டடம் ஒன்று தனியாகக் கட்டிக்கொள்வார்கள். பட்டும் பாத்திரமும் நெல்லும் இருக்க வேண்டிய இடம் அது. 1934இல் அந்த வீட்டுக்குக் குடிவந்த ராம்போ அங்கே வைத்தது புத்தகங்களை. மேல்நாட்டுத் துப்பறியும் நாவல்கள், குற்றவியல் நூல்கள், பத்திரிகைகள், மாடியில் எடோ காலத்துப் பழைய ஜப்பானிய ஏடுகள் என்று கட்டடம் நிறைந்தது.

அந்தப் பண்டகசாலையைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவியது. ராம்போ பகலிலும் அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறார் என்று. அவர் எழுதிய பயங்கரக் கதைகளைப் படித்தவர்கள் அப்படித்தான் நம்ப விரும்பினார்கள். உள்ளே இருந்ததோ ஒழுங்காக அடுக்கப்பட்ட அலமாரிகள். எந்தப் புத்தகம் எங்கே என்று சொந்தக்காரருக்குத் தெரிந்த ஒரு நூலகம்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்?

1894 அக்டோபர் 21ஆம் தேதி, மியே மாநிலத்தில் நபாரி என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது நகோயாவில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் அவருடைய அம்மா செய்தித்தாளில் வந்த தொடர்கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். மர்மம் நிறைந்த கதை அது. அடுத்த நாள் தாள் எப்போது வரும் என்று காத்திருந்த அந்தக் குழந்தைதான் பிற்காலத்து ராம்போ.

அக்காலத்தில் ஜப்பானியருக்குத் துப்பறியும் கதையை அறிமுகப்படுத்தியவர் குரோயிவா ருயிகோ என்ற பத்திரிகையாளர். ஆங்கில, பிரெஞ்சு நாவல்களை எடுத்து, பாத்திரங்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டி, தம் நடையில் எழுதினார். நம்மூரில் ரெயினால்ட்ஸ் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தழுவி எழுதினாரே, அதைப் போன்ற பணி. ஒரு கோடை விடுமுறையில் சிறுவன் தாரோ அதாமி என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தான். அங்கே வாடகைக்குப் புத்தகம் தரும் கடையிலிருந்து ருயிகோவின் 'பேய்க் கோபுரம்' நாவலை வாங்கி வந்தான். கடற்கரைக்கு வந்த பையன் கடலை மறந்து புத்தகத்துக்குள் கிடந்தான். வாடகை நூல் நிலையத்தில் ஒரு நாள் தவணைக்கு நாவல் வாங்கி, விடிய விடியப் படித்து முடித்துக் காலையில் திருப்பிக் கொடுத்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு அந்தப் பையனை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவின் தொழில் 1912இல் நொடித்துப்போனது. அந்த ஆண்டே டோக்கியோவுக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே வசேதா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். படித்தது பொருளாதாரம், நூலகத்தில் தேடியது எட்கர் ஆலன் போவையும் கோனன் டாயிலையும். அவர்களை ஆங்கிலத்தில் கண்டெடுத்த பிறகு வேறொன்றும் மனதில் நிற்கவில்லை. தாம் படித்த துப்பறியும் கதைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதி, 'விந்தைக் கதைகள்' என்று பொருள்படும் தலைப்பிட்டு, கையாலேயே நூலாகக் கட்டி வைத்தார். அச்சுக்குப் போகாத புத்தகம், ஒரே ஒரு பிரதி. கதை எழுதிப் பெயர் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வாசித்ததைத் தொகுத்து நூலாக்கிவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

1916இல் பட்டம் பெற்றார். அமெரிக்கா போய்த் துப்பறியும் எழுத்தாளராக வேண்டும் என்பது ஆசை; கப்பலுக்குக் காசில்லை. பிறகு நடந்தது ஒரு வேலையில் நிலைக்காத வாழ்க்கை. ஒசாகாவில் வணிக நிறுவனம், தோபாவில் கப்பல் கட்டும் தளம், பத்திரிகை அலுவலகம், தெருவில் வண்டி தள்ளி நூடுல்ஸ் விற்பது என்று மாறிக்கொண்டே இருந்தார். நடுவே 1919இல், இரண்டு தம்பிகளோடு சேர்ந்து டோக்கியோவின் தாங்கோசாகா என்ற மேட்டுத் தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை வைத்தார். பெயரே 'மூவர் புத்தகக் கடை'. வியாபாரம் நெடுநாள் நீடிக்கவில்லை.

கடை போனாலும் அந்தத் தெரு அவரை விட்டுப் போகவில்லை. 1925இல் வெளிவந்த 'டி மேட்டுத் தெருக் கொலை வழக்கு' கதையில், எதிர்ப்புறச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஒரு பழைய புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே கடைக்காரரின் மனைவி கொலையுண்டு கிடக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர்தான் அகேச்சி கொகோரோ, ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளர். அவருடைய அறையை ராம்போ வருணிக்கும் இடத்தைப் பாருங்கள். சின்ன அறை, சுற்றிலும் புத்தகக் குவியல், நடுவே ஆள். வந்தவருக்கு உட்கார இடமில்லை. மெத்தென்று இருக்கிற ஏதாவது ஒரு புத்தகத்தின்மேல் உட்காரச் சொல்கிறார். ஜப்பானியத் துப்பறிவாளர் கதைக்குள் வரும்போதே புத்தகத்தின் நடுவிலிருந்துதான் வருகிறார். படைத்தவர் தம் அறையையே அவருக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் கதைக்கு வருவோம். 1922இல் வேலையில்லாமல் ஒசாகா பக்கம் தந்தை வீட்டில் இருந்தபோது 'இரண்டு சென் செப்புக்காசு' என்ற கதையை எழுதினார். 1923 ஏப்ரலில் 'ஷின் சேய்னென்' இதழ் அதை வெளியிட்டது. வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புக்குப் பெயர்போன இதழ் அது. ஒரு செப்புக்காசு, அதற்குள் குடைந்த இடத்தில் ஒரு சங்கேதச் சீட்டு. சீட்டில் அமிதாப புத்தரைப் போற்றும் மந்திரத்தின் எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. அந்த மந்திரம் ஜப்பானிய எழுத்தில் ஆறு எழுத்து. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி. இந்த இரண்டு ஆறையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால் செய்தி வருகிறது.

இதில் என்ன அருமை என்றால், இந்தப் புதிரை லண்டனில் உட்கார்ந்து ஒருவர் எழுதியிருக்க முடியாது. ஜப்பானியர் தினமும் உச்சரிக்கிற வழிபாட்டுச் சொல்லிலிருந்து அது பிறக்கிறது. போவிடமும் டாயிலிடமும் சங்கேதக் கதையின் சூட்சுமத்தைக் கற்றவர், கற்றதைத் தம் மொழியின் எழுத்துக்குள் இறக்கினார். ஆழ்ந்த வாசிப்பு ஒருவருக்குத் தருவது இதைத்தான். நகல் எடுக்கும் கை அதில் உருவாவதில்லை. தன் மண்ணில் அதே விதை எப்படி முளைக்கும் என்று பார்க்கும் கண் உருவாகிறது.

புனைபெயரிலும் அதே வேலைதான். எட்கர் ஆலன் போ என்பதை வேகமாக ஜப்பானிய நாவில் சொல்லிப் பாருங்கள்: எடோகாவா ராம்போ. எடோகாவா என்பது டோக்கியோவில் ஓடும் ஆற்றின் பெயர். ராம்போ என்பதற்கு அவர் தேர்ந்த எழுத்துகள் தள்ளாடும் நடையைக் குறிப்பவை. தாம் வணங்கிய ஆசிரியரின் பெயரை எடுத்து, தம் ஊர் ஆற்றங்கரையில் நடக்கவிட்டார்.

1925ஆம் ஆண்டில் மட்டும் 'உளவியல் சோதனை', 'கூரைக்குள் உலாவியவன்', 'மனித நாற்காலி' என்று சிறந்த கதைகள் அடுத்தடுத்து வந்தன. ஆனால் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனவை பின்னால் எழுதிய பயங்கரத் தொடர்கள். வாசகர்கள் விரும்பியது குரூரமும் விசித்திரமும். அவர் மனம் விரும்பியது அறிவுக்கு விருந்தான, தர்க்கம் பிசகாத புதிர்க் கதை. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் வாழ்நாள் முழுக்க வருந்தினார். 1927இல், தாம் எழுதிய செய்தித்தாள் தொடரைப் பார்த்துத் தாமே வெட்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் பேனாவைத் தொடாமல் இருந்தார். எது நல்ல கதை என்று அவருக்குள் இருந்த வாசகருக்குத் தெரியும். தாம் எழுதுவது அந்த அளவுக்கு வரவில்லை என்று அந்த வாசகர் சொன்னால், எழுத்தாளர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

போர் வந்தது. அவருடைய 'கம்பளிப்பூச்சி' என்ற கதையில், போரில் கைகால்களை இழந்து திரும்பிய ஒரு வீரன் வருகிறான். 1939இல் அந்தக் கதையை மறுபதிப்பிலிருந்து நீக்கும்படி தணிக்கையாளர்கள் ஆணையிட்டார்கள். துப்பறியும் கதையே எதிரி நாட்டுச் சரக்கு என்று பார்க்கப்பட்ட காலம். எழுதக் கிட்டத்தட்ட வழியில்லை. அவர் என்ன செய்தார்? தம் வாழ்க்கைக்கே நூலகர் ஆனார். விளம்பரத் துண்டு, செய்தி நறுக்கு, குடியிருந்த வீடுகளின் வரைபடம் என்று சேர்த்து வைத்ததையெல்லாம் ஆண்டு வாரியாக ஒட்டிப் பெரிய தொகுப்புகளாகக் கட்டினார். 1945 ஏப்ரலில் வான்தாக்குதலில் இகெபுகுரோ பற்றி எரிந்தது. அந்த வீடும் மண்சுவர்ப் பண்டகசாலையும் தப்பின. உள்ளே இருந்த புத்தகங்களும் தப்பின.

நண்பர்களே, என் பேச்சின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். போர் முடிந்தபோது ராம்போவுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. தடை நீங்கிவிட்டது. புகழும் பெயரும் அப்படியே இருந்தன. தாம் எழுதாமல் விட்ட கதைகளை எழுதிக் குவித்திருக்கலாம். சிறுவர்களுக்கான துப்பறியும் தொடர்களைத் தொடர்ந்து எழுதினார் என்பது உண்மை. ஆனால் மீதி இருபது ஆண்டுகளின் பெரும்பகுதியை வாசிப்பதற்கும், வாசித்ததைப் பிறருக்குச் சொல்வதற்கும், எழுத வருகிறவர்களுக்குக் கதவு திறப்பதற்கும் கொடுத்தார்.

போரின்போது வெளிநாட்டுப் புத்தகங்கள் வரவில்லை. இப்போது அமெரிக்கப் படைவீரர்கள் படித்துப் போட்ட சட்டைப்பை அளவு மலிவுப் பதிப்புகள் டோக்கியோவின் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. ராம்போ அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். 1946இல் வில்லியம் ஐரிஷ் எழுதிய 'ஃபேன்டம் லேடி' நாவல் கண்ணில் பட்டது. அது வேறொருவருக்காகக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்த பிரதி. விடாப்பிடியாகக் கேட்டுப் பெற்று வந்தார். படித்து முடித்ததும் புத்தகத்திலேயே குறிப்பு எழுதினார்: முடித்த தேதி, உலகின் தலைசிறந்த பத்தில் ஒன்றாக வைக்கத் தக்கது என்ற மதிப்பீடு, உடனே மொழிபெயர்க்க வேண்டும் என்ற கட்டளை. அந்தக் கடைசிச் செய்தியில் அவருடைய குணம் முழுவதும் இருக்கிறது. ஒரு நல்ல நாவலை முடித்த கணத்திலேயே, ஆங்கிலம் தெரியாத இன்னொருவருக்கு இது போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்பு.

அதே 1946இல் யோகோமிசோ செய்ஷியின் 'ஹொன்ஜின் கொலை வழக்கு' தொடராக வந்தது. யோகோமிசோ கோபேயில் குடும்ப மருந்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் தந்தி கொடுத்து அவரை டோக்கியோவுக்கு வரவழைத்தவரே ராம்போதான். பூட்டிய அறைக்குள் நடந்த கொலை, பனியில் காலடித் தடமில்லாத மர்மம், ஜப்பானிய வீட்டின் அமைப்பிலிருந்தே பிறந்த விடை. தாம் வாழ்நாளெல்லாம் எழுத ஆசைப்பட்ட வகைக் கதையை நண்பர் எழுதிவிட்டார். இப்படிப்பட்ட நேரத்தில்தான் மனிதரின் அளவு தெரியும். ராம்போ அதைப் பற்றி நீண்ட விமரிசனம் எழுதினார். ஜப்பானியத் துப்பறியும் நாவலில் புதிய காலம் பிறந்துவிட்டது என்று கொண்டாடினார். அவருக்குப் பட்ட குறைகளையும் மறைக்காமல் சொன்னார். பொறாமைக்கு இடமில்லாத விமரிசனம், முகத்துதிக்கும் இடமில்லாத விமரிசனம்.

தகாகி அகிமித்சு என்று ஓர் இளைஞர். விமானத் தொழிற்சாலைப் பொறியாளர். போர் முடிந்ததும் வேலை போய்விட்டது. 'பச்சை குத்திய உடல் கொலை வழக்கு' என்ற நாவலை எழுதி, முன்பின் தெரியாத ராம்போவுக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பி வைத்தார். ராம்போ படித்தார், பரிந்துரைத்தார், 1948இல் நூல் வெளிவந்தது. தகாகி பெரிய எழுத்தாளர் ஆனார்.

இப்படித் தனித்தனியாக உதவியது போதாது என்று நினைத்தார் போலும். 1946இலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை துப்பறியும் கதை அன்பர்களைக் கூட்டிப் பேச வைத்தார். அந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான் 1947இல் துப்பறியும் எழுத்தாளர் சங்கமாக வளர்ந்தது. முதல் தலைவர் அவரே. இன்று அது ஜப்பான் மர்ம எழுத்தாளர் சங்கம்.

1951இல் 'மாயக் கோட்டை' என்ற கட்டுரைத் தொகுதி வந்தது. பண்டகசாலைப் புத்தகங்களெல்லாம் அதில் பேசின என்று சொல்லலாம். அதன் தொடர்ச்சியாக, மேல்நாட்டுக் கதைகளிலும் ஜப்பானியக் கதைகளிலும் வரும் ஏறத்தாழ 800 தந்திரங்களை எடுத்து இனவாரியாகப் பிரித்தார். கொலையாளி யார் என்பதை மறைக்கும் வழிகள், பூட்டிய அறை, காலடித் தடம், காலத்தை ஏய்ப்பது, விநோத ஆயுதங்கள், பொருளை ஒளிப்பது, சங்கேதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். தொல்காப்பியம் தொட்டு வகுத்தும் தொகுத்தும் பழகிய மரபு நம்முடையது. அந்த உழைப்பின் அருமை நமக்குத் தெரியும். புதிதாக எழுத வருகிறவர், இது ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். இருப்பது இவ்வளவு என்று தெரிந்தால்தான் இல்லாததைத் தேடிப் போக முடியும்.

அவருடைய பொறுமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். அவர் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு 1956இல் வந்தது; மொழிபெயர்த்தவர் ஜேம்ஸ் ஹாரிஸ். ஹாரிஸுக்கு ஜப்பானிய மொழி நன்றாகப் பேச வரும், எழுத்தைப் படிக்க வராது. ராம்போவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேசவும் எழுதவும் வராது. ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்ட, மற்றவர் ஆங்கிலத்தில் எழுத, வந்த வாக்கியத்தை இருவரும் சரிபார்க்க, ஒன்பது கதைகளுக்கு ஐந்து ஆண்டு ஆயிற்று. குழந்தையாக அம்மா மடியில் கதை கேட்டவர், அறுபதை நெருங்கும்போது உட்கார்ந்து ஒருவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார்.

நம்மைப் போலவே ஜப்பானியருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அறுபது நிறைந்தால் விழா எடுப்பார்கள். 1954இல் ராம்போவுக்கு அறுபதாம் ஆண்டு நிறைவு விழா நடந்தபோது, அவர் பத்து லட்சம் யென் நன்கொடை கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது எடோகாவா ராம்போ பரிசு.

முதல் மூன்று பரிசுகள் யாருக்குப் போயின என்பதைச் சொல்லியாக வேண்டும். 1955இல் முதல் பரிசு, துப்பறியும் கதைக்கென்று அகராதி தொகுத்த நகாஜிமா கவதாரோவுக்கு. 1956இல் இரண்டாம் பரிசு, உலகத் துப்பறியும் நாவல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்ட ஹயாகவா பதிப்பகத்துக்கு. அகராதி தொகுத்தவருக்கும், புத்தகத்தை வாசகர் கைக்குக் கொண்டுவந்த பதிப்பகத்துக்கும் முதல் மரியாதை. மூன்றாம் ஆண்டில்தான் புது நாவல்களைப் போட்டிக்கு அழைத்தார்கள். 1957இல் வென்றவர் நிகி எத்சுகோ என்ற பெண். சிறு வயதிலேயே முதுகெலும்பு நோயால் நடக்க முடியாமல் போனவர். பள்ளிக்கூடம் போகாமல் அண்ணனிடம் பாடம் கற்றவர். அவர் எழுதிய 'பூனைக்குத் தெரிந்திருந்தது' வெளிவந்ததும் விற்பனையில் சிகரம் தொட்டது. அந்தப் பரிசு இன்றும் தொடர்கிறது. தமிழ் வாசகர்களும் அறிந்த ஹிகாஷினோ கெய்கோ, 1985இல் அந்தப் பரிசை வென்றுதான் எழுத்துலகத்துக்குள் வந்தார்.

1957இல், கடனில் தத்தளித்த 'ஹோசெகி' இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றுத் தம் பணத்தையும் போட்டார். இதழில் வரும் கதைகளுக்குத் தாமே அறிமுகக் குறிப்பு எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர், நேற்று எழுதத் தொடங்கியவரின் கதைக்கு முன்னால் நின்று, இவரைப் படியுங்கள் என்று வாசகரிடம் சொன்னார். அறிவியல் குட்டிக்கதைகளின் மன்னர் என்று பின்னால் பெயர் பெற்ற ஹோஷி ஷினிச்சி, அந்த இதழ் வழியாகத்தான் பரந்த வாசகர்களுக்கு அறிமுகமானார்.

இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1965 ஜூலை 28ஆம் தேதி, அதே இகெபுகுரோ வீட்டில் காலமானார். 2002இல் வீடும் பண்டகசாலையும் புத்தகங்களும் பக்கத்து ரிக்யோ பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தன. சேர்த்த நூல்கள் சிதறவில்லை. ஆய்வாளர்கள் அவற்றை வைத்து வேலை செய்கிறார்கள்.

1994இல் தொடங்கிய 'துப்பறிவாளர் கோனன்' சித்திரக் கதையை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் உருவம் சுருங்கிப்போன இளைஞனிடம் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். உண்மைப் பெயரைச் சொல்ல முடியாமல் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் புத்தக அலமாரி. டாயிலும் ராம்போவும் இருக்கிறார்கள். எடோகாவா கோனன் என்று சொல்லிவிடுகிறான். புத்தக அலமாரியிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவருக்கு, இன்னொரு தலைமுறை ஓர் அலமாரியிலிருந்தே மரியாதை செய்தது.

முடிக்கும் முன் ஒரு சொந்தச் செய்தி. என் தாய்மாமா நிறையத் துப்பறியும் நாவல்கள் வைத்திருந்தார். மாத நாவல்களை எண் வரிசைப்படி நூலால் கட்டி, மரப்பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருப்பார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் அந்தப் பெட்டி எடைக்குப் போனது. நான் அப்போது அங்கே இருந்தேன். தடுத்திருக்கலாம், இதெல்லாம் பெரிய இலக்கியமா என்று எனக்கும் அன்று ஒரு நினைப்பு. ராம்போவைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பெட்டி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எது இலக்கியம், எது இல்லை என்று பிறர் தீர்ப்புச் சொல்லும்வரை ராம்போ காத்திருக்கவில்லை. தாம் நேசித்ததை நெருப்புக்குத் தப்பும் கட்டடத்தில் வைத்தார். வைத்ததோடு நிற்காமல், வகைப்படுத்தினார், எழுதிச் சொன்னார், கையில் எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் இந்த நூலகத்துக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். நல்ல கதை ஒன்றைப் படித்து முடித்தால், உங்கள் பிரதியின் வெற்றுத் தாளில் தேதியைப் போடுங்கள். ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிவிட்டு, அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.